விற்ற நிலமும் விடாத நெஞ்சமும்

கேள்வி: 1994-இல் என் தங்கையின் விவாகத்திற்காக, தகப்பனார் வைத்துவிட்டுப் போன இரண்டு ஏக்கர் நஞ்சையைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டேன். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் இன்று நிலம் விற்கும் விலையைக் கேட்டால் இரவில் உறக்கம் வருவதில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருக்கிறது. தங்கை வீட்டு வாசலை மிதித்தும் வெகு காலமாயிற்று. இதிலிருந்து மீள வழி உண்டா?
- வாசகர் ஒருவர், திருப்போரூர்

பதில்: பிறருக்கு இழைத்த தீங்கை எண்ணி உருகுவது பச்சாத்தாபம், கைக்கு வராமற்போன லாபத்தை எண்ணிப் புழுங்குவதோ, பச்சாத்தாபத்தின் காவி வேஷ்டியை இரவல் வாங்கி உடுத்துக்கொண்டு வந்திருக்கும் ஆசை. தாங்கள் செய்தது பாபமன்று. ஒரு பெண்ணின் கழுத்தில் மங்கல சூத்திரம் ஏறுவதற்காகத் தமையன் செய்த தர்மம். அன்றைக்கு நெல் விளையும் பூமிக்கு என்ன விலையோ அதற்கு விற்றீர்கள். பின்னால் வரப்போகும் விலையை அன்றே அறிந்திருக்க வேண்டும் என்று தங்களையே தாங்கள் கடிந்துகொள்வது, திரிகால ஞானிகளுக்குரிய கடமையைச் சம்சாரியின் தலையில் சுமத்துவதாகும்.

தங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து வந்தவரும் குமாரதேவரின் சீடருமான சிதம்பர சுவாமிகள், பனங்காட்டில் மறைந்து கிடந்த முருகனைக் கண்டெடுத்து, இன்று நாம் தரிசிக்கும் ஆலயத்தை எழுப்பியதையும், 726 பாடல்கள் கொண்ட சந்நிதி முறையைப் பாடியதையும் தாங்கள் அறிவீர்கள். நான் சொல்ல வந்தது அவர் கதையில் வரும் திருடர்களைப் பற்றி. சுவாமிகளிடம் கொள்ளையிட வந்தவர்கள் கண்பார்வை இழந்து, அவர் காலில் விழுந்து, பார்வை மீண்டபின் தாங்கள் அதுவரை கொள்ளையடித்து வைத்திருந்த பொருளையெல்லாம் திருப்பணிக்கே கொடுத்துவிட்டார்கள் என்பது கர்ண பரம்பரை. உண்மையாகவே பாபம் செய்த அவர்கள், செய்ததை நினைத்து ஆயுள் முழுவதும் மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கையிலிருந்ததைக் கொண்டு அடுத்த காரியத்தைப் பார்த்தார்கள். பாபமே செய்யாத தாங்களோ, விற்ற நிலத்தை ஒவ்வோர் இரவும் மனத்தால் வாங்கி, மனத்தாலேயே அதிக விலைக்கு விற்று, விடிந்ததும் நஷ்டக் கணக்கு எழுதுகிறீர்கள்!

அந்த நிலம் போனது பிராரப்தம். அனுபவித்துத் தீர்ந்த கணக்கு. ஆனால் அதன் பொருட்டுத் தங்கையிடம் முகம் கொடாமல் இருக்கிறீர்களே, அது இன்று புதிதாக விதைக்கும் ஆகாமியம். தமையன் ஏன் வருவதில்லை என்று அறியாமல் அந்தப் பெண் எத்தனை பொங்கலுக்கு வாசலைப் பார்த்திருப்பாளோ! தாங்கள் வருந்த வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். நல்லவேளையாக, இதற்குப் பிராயச்சித்தமும் தங்கள் கையிலேயே இருக்கிறது.

வருகிற கிருத்திகையன்று கந்தசுவாமியைச் சேவித்துவிட்டு, விபூதிப் பிரசாதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, நேரே தங்கையின் வீட்டிற்குப் போங்கள். போகும் வழி அந்தப் பழைய வயலை ஒட்டியிருந்தால், சுற்றுவழி தேடாமல் அதன் வழியாகவே போங்கள்.