மூட்டமும் மெய்யும்

அன்பர் ஒருவர் அக்டோபர் மாத இறுதியில் அமெரிக்கா சென்று மீண்டார். இலையுதிர் காலத்துக் கானகங்களைப் படம் பிடித்து வருதல் வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய அவா. மீண்டு வந்தவர், ஒரே மலைத்தொடரைக் காட்டும் இரண்டு படங்களை என்முன் வைத்தார். ஒன்றில் மலைகள் வெண்மூட்டத்துள் அமிழ்ந்து, மரங்களின் செம்மையும் பொன்மையும் மங்கிக் கிடந்தன. மற்றொன்றில் அதே மலைகள் கழுவித் துடைத்தாற்போல் விளங்கின. ஒவ்வொரு மரமும் தனித்தனியே ஒளிர்ந்தது. “இரண்டும் ஒரே நொடியில் எடுத்த ஒரே படந்தான். ஒன்றைக் கணிப்பொறியிலிட்டு மூட்டத்தைத் துடைத்தேன். எதனை வீட்டுச் சுவரில் மாட்டலாம்?” என்று கேட்டார்.

விடை கூற வாயெடுத்த யான் தயங்கினேன். அது சுவரைப் பற்றிய வினா அன்று. தான் கண்ட ஒன்றைப் பிறர்க்குக் காட்டுவோன் உண்மைக்கு எவ்வளவு கடன்பட்டவன் என்னும் வினா அது.

அவர் சென்றது டென்னசி, வட கரோலினா என்னும் இரு மாநிலங்களின் எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்கு. பெயரிலேயே புகை உண்டு. அம்மண்ணின் பழங்குடிகளான செரோக்கி மக்களும் ‘நீலப்புகையின் இடம்’ என்னும் பொருள்பட அதனை வழங்கினர். 1934-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அம்மலைகளில் நூற்றுக்கு மேற்பட்ட மரவகைகள் வளர்கின்றன. செப்டம்பரில் சிகரங்களில் தொடங்கும் நிறமாற்றம், நாளுக்கு நாள் கீழிறங்கி, நவம்பர்த் தொடக்கத்தில் பள்ளத்தாக்கை அடைகின்றது. இலையின் பச்சையம் சிதைய, அதுகாறும் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. மேப்பிள் போன்ற மரங்களிலோ புதிதாகச் சிவப்பும் பிறக்கின்றது.

இத்துணை வண்ணத்தையும் மறைக்கும் மூட்டம் யாது? ஓக் முதலிய மரங்களின் இலைகள் ஐசோபிரீன் போன்ற ஆவிகளை வெளிவிடுகின்றன. அவை காற்றில் மாறுதலுற்று நுண்ணிய துகள்களாகி, ஒளியிலுள்ள நீலத்தை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. பிரிட்ஸ் வென்ட் என்னும் தாவர நூலறிஞர் 1960-ஆம் ஆண்டில் இந்நீல மூட்டத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். ஆனால் மலையை மறைப்பது மரத்தின் மூச்சு மட்டுமன்று. நிலக்கரியை எரித்த மின்னாலைகள் கந்தக ஆவியைக் கக்கின. அது சல்பேட் துகளாகி, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, எல்லா நிறங்களையும் ஒருசேரச் சிதறடித்து, வெள்ளைத் துணி போர்த்தாற்போல் மலைகளை மூடிற்று. முன்னது காடு தந்த நீலம். பின்னது மனிதன் தந்த வெண்சாம்பல்.

மூட்டத்தை வெல்லப் படக்கலைஞர்க்குப் பல வழிகள் உண்டு. மழையோடு குளிர்காற்று வந்து வானத்தைக் கழுவிச் சென்ற மறுநாள் காலையில் எடுக்கலாம். போலரைசர் என்னும் கண்ணாடியை வில்லையின்முன் பொருத்தி, கதிரவனுக்குப் பக்கவாட்டில் நோக்கி, சிதறிய ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கலாம். தொலைமலையை விட்டு, கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் ஒரு மரத்தையே பாடலாம்! இவையொன்றும் கைகூடாத பொழுது கணிப்பொறி துணைக்கு வருகின்றது. அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் மென்பொருளில் 2015-ஆம் ஆண்டு முதல் மூட்டம் நீக்கும் விசை ஒன்று உண்டு. அதனைச் சற்றே நகர்த்தினால் போதும், மலை தெளிகின்றது.

அது பொய்யா? அன்பரின் கட்சியையும் கேட்டல் முறை. “காமிரா கண் அன்று. கண் மூட்டத்தினூடும் நிறத்தைத் தேடிக் காண்கின்றது. நான் கண்ட செம்மையை மீட்டேனேயன்றி, காணாததைப் படைத்தேனல்லேன்” என்றார் அவர். இதில் நியாயம் உண்டு. கருப்பு வெள்ளைப் படக் காலத்திலும் செந்நிறக் கண்ணாடியை இட்டு நீலமூட்டத்தை ஊடுருவினர். ஜப்பானிலிருந்து வந்து ஆஷ்வில் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் மாசா, கனத்த காமிராவைச் சுமந்து அம்மலைகளில் ஏறி எடுத்த படங்கள், பூங்கா அமையவேண்டும் என்ற இயக்கத்திற்குப் பெருந்துணை புரிந்தன. பூங்கா அமையும் முன்பே, 1933-இல், அவர் வறுமையில் மாண்டார். 1961-இல் அங்குள்ள சிகரம் ஒன்றிற்கு அவர் பெயர் இடப்பட்டது. எந்தப் படமும் தேர்ந்தெடுத்ததே. இடத்தையும் நேரத்தையும் தேர்வது பொய்யாகாது.

எனினும், காத்திருத்தலுக்கும் துடைத்தலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தெளிந்த நாளுக்காகக் காத்திருந்து எடுத்த படம், அத்தகைய நாள் ஒன்று இருந்தது என்பதற்குச் சான்று. துடைத்து எடுத்த படமோ எந்த நாளுக்கும் சான்றன்று. அது காட்டும் காலைப்பொழுது எந்த மலையிலும் விடிந்ததில்லை.

சான்றினால் யாது பயன் என்பீரேல், கேண்மின். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, பெரிய தேசியப் பூங்காக்களில் மனிதரால் விளைந்த காட்சிக்குறைவை நீக்குதல் வேண்டும் என்று விதித்தது. 1980-களில் தொடங்கிய ஆய்வுப் பணியில், காற்றின் துகள்களை அளக்கும் கருவிகளோடு, ஒரே திசையை நோக்கி நிறுத்தப்பட்ட காமிராக்களும் நாள்தோறும் படமெடுத்தன. மங்கலை மங்கலாகவும் தெளிவைத் தெளிவாகவும் காட்டிய படங்கள் அவை. 1999-இல் வகுத்த விதி, 156 பூங்காக்களிலும் காட்டு நிலங்களிலும் 2064-ஆம் ஆண்டிற்குள் இயற்கையான காட்சித் தெளிவை மீட்பதை இலக்காக்கிற்று. மின்னாலைகளின் கந்தகம் குறைந்தது. ஸ்மோக்கி மலைகள் 1990-களில் இருந்ததைவிட இன்று பெரிதும் தெளிந்திருக்கின்றன. அன்று அக்காமிராக்கள் மூட்டத்தைத் துடைத்துக் காட்டியிருப்பின், இழந்தது இன்னதென்று யாருக்கு விளங்கியிருக்கும்? நோயாளியின் முகத்தில் செஞ்சாயம் பூசி மருத்துவர்முன் நிறுத்துவதற்கும் அதற்கும் வேற்றுமை என்ன?

இதற்கு மறுபுறத்திலும் ஒரு பொய் உண்டு. மலையடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறி மறைவதைக் கண்டு, “என்ன கனவு! என்ன மோனம்!” என்று போற்றிப் படமெடுப்போர் பலர். அழகுதான், மறுப்பாரில்லை. ஆயின் அது காட்டின் மூச்சா, ஆலையின் புகையா என்று கேளாது வியத்தல், நஞ்சையும் நறும்புகை என்று கொண்டாடுவதாக முடியும். துடைப்போன் கேட்கவேண்டிய வினாவை அழிக்கின்றான். வியப்போன் அதனை உறங்க வைக்கின்றான்.

நமக்கு இலையுதிர் காலம் இல்லை, மூட்டம் உண்டு. 1997-இலும் 2015-இலும் காடும் கரிநிலமும் எரிந்த புகை நம் நகரங்களை வாரக்கணக்கில் மூடியதை மறந்தோமல்லோம். 2013-ஆம் ஆண்டு ஜூன் 21-இல் சிங்கப்பூரின் காற்றுமாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. முகமூடி அணிந்து பள்ளி செல்லும் பிள்ளையின் படத்தில், பின்னால் நிற்கும் புகையை மட்டும் துடைத்து வெளியிட ஒருவர் முன்வந்தால் நாம் ஒப்புவோமா? நம் ஊரில் ஒப்பாததை அயலார் மலையில் மட்டும் ஒப்புவது எங்ஙனம்?

இவ்வளவும் கூறக் கேட்ட அன்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “எனக்கு அறுபத்து மூன்று வயது. இன்னொரு முறை போக இயலாது. நான்கு நாள் காத்திருந்தேன், மலை தெளியவில்லை. பேரப்பிள்ளைகள் பார்க்க மங்கற்படத்தையா விட்டுச் செல்வது?” என்றார். அக்குரலிலிருந்த ஏக்கத்தை அலட்சியம் செய்ய என்னால் இயலவில்லை.

“இரண்டையும் மாட்டுங்கள்,” என்றேன். “துடைத்ததன் அடியில் ‘துடைத்தது’ என்று எழுதுங்கள். மற்றதன் அடியில் நாளையும் இடத்தையும் குறியுங்கள். இது ஏன் இப்படி மங்கியிருக்கின்றது என்று பிள்ளைகள் ஒருநாள் கேட்பர். அந்தக் கேள்வி அவர்களுக்குக் கிடைக்கட்டும்.”

துடைக்கும் கருவியில் குற்றமில்லை. துடைத்ததை மறைப்பதிலேயே குற்றம். அழகை விரும்புதல் இயல்பு. அழகுக்காக உண்மையை ஒளிக்கும் பழக்கம் படத்தில் தொடங்கினால் படத்தோடு நிற்பதில்லை. மூட்டத்தை நீக்க விரும்புவோர் அதனை முதலில் உள்ளவாறு காட்டக் கற்றல் வேண்டும். காட்டிய பின்னரே காற்றிலிருந்து அதனை நீக்கும் வழி பிறக்கும்.