பழைய ஆம்ப்ளிஃபயரில் பழையது எது?

டைனகோ நிறுவனம் 1959இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து வெளியிட்ட ‘ஸ்டீரியோ 70’, வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் மிக அதிகமாக விற்றவற்றுள் ஒன்று. சேனலுக்கு 35 வாட். பெரும்பாலும் உதிரிகளாகவே விற்றது. நூறு டாலருக்கு ஐந்து சென்ட் குறைவாகக் கொடுத்து வாங்கியவர், கையேட்டைப் பார்த்து ஒவ்வொரு கம்பியாகச் சால்டர் வைத்து, கருவியைத் தாமே பூட்டிக்கொண்டார். பூட்டித் தந்தது வேண்டுமென்றால் இன்னும் முப்பது டாலர். அப்படிப் பூட்டியவை அறுபது ஆண்டு தாண்டியும் பல வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்து உழைப்பு இந்தக் காலத்துப் பொருளில் இல்லை என்று சொல்பவர்கள் முதலில் காட்டும் சாட்சிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் இந்தச் சாட்சி தடுமாறுகிறது. மின்வழங்கு பகுதியில் தகர டப்பா போல நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர், உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் உலர உலரக் கொள்ளளவை இழக்கும்; ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற ஹம்மிங் ஏறும். அதை மாற்றாமல் இத்தனை ஆண்டு ஓடிய கருவி அரிது. கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரம் குடித்து மதிப்பில் ஏறிவிடும். செலினியம் ரெக்டிஃபயர் இருந்த இடத்தில் சிலிக்கான் டயோடு வந்திருக்கும். நான்கு ஈஎல்34 வால்வுகள் எத்தனையாவது தலைமுறை என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. முன்பகுதியில் இருந்த 7199 வால்வின் தயாரிப்பே நின்றுவிட்டதால், வேறு வால்வுக்கு ஏற்ற புது சர்க்யூட் போர்டைச் சிலர் பொருத்துகிறார்கள். அப்போது உறுப்போடு சேர்ந்து சுற்றின் அமைப்பும் மாறிவிடுகிறது. மிஞ்சுவது உலோகச் சட்டமும் கனமான டிரான்ஸ்ஃபார்மர்களும். டிரான்ஸ்ஃபார்மர்களையும் மறுபடி சுற்றித் தருவதற்கு ஆள் உண்டு.

எல்லாம் மாறிய பின் ‘அதே கருவி’ என்ற சொல்லுக்கு என்ன ஆதாரம்? பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலை வைத்துக் கிரேக்கர்கள் கேட்ட கேள்வி இது. இந்தியத் தத்துவ மரபுகள் இதைக் கப்பலோடு விடாமல் துணி, பானை, தேர், விளக்கு என்று கைக்கெட்டிய பொருள்களிலெல்லாம் கேட்டுப் பார்த்தன.

நியாய வைசேடிகர் விடை கறாரானது. உறுப்புகள் அவயவங்கள், அவற்றில் சமவாயம் என்னும் பிரிக்கவியலாத உறவால் தங்கியிருக்கும் முழுப்பொருள் அவயவி. அவயவி உறுப்புகளின் வெறும் தொகை அன்று, தனிப் பொருள். ஆகவே துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து, எஞ்சிய நூல்களில் புதிய துணி பிறக்கிறது. ‘அதே துணி’ என்று தோன்றுவது ஒப்புமையால் வரும் மயக்கம். இதன்படி பார்த்தால், கண்டென்சர் மாற்றிய அன்றே 1959இன் ஸ்டீரியோ 70 முடிந்துபோயிற்று. தர்க்கத்தில் பழுதில்லை. ஆனால் ஒரு ரெசிஸ்டர் மாற்றிய கருவிக்கும், சட்டத்தைத் தவிர எல்லாம் மாற்றிய கருவிக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல இந்தக் கொள்கையிடம் அளவுகோல் இல்லை.

சமணர் இதற்கு இடைவழி சொன்னார்கள். உள்பொருள் எதுவும் தோற்றம், கேடு, நிலைபேறு ஆகிய மூன்றும் உடையது. பொற்குடத்தை உருக்கி முடி செய்தால் குடம் கெடுகிறது, முடி தோன்றுகிறது, பொன் நிலைக்கிறது. சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் காட்டும் உவமை இது. எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்னும் பௌத்தரின் கணபங்க வாதத்தை மறுக்கும் தமிழ் நூலான நீலகேசியும் இந்த மரபில் வந்ததே. ஆனால் ஆம்ப்ளிஃபயரில் ‘பொன்’ எது? குடத்தில் வடிவம் போய்ப் பொருள் நிற்கிறது. பழுதுபார்த்த கருவியிலோ பொருள் போய் வடிவம் நிற்கிறது. உவமை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

வடிவத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் ஐரோப்பாவில் தத்துவவாதி லாக் அதற்கு ஒரு வழி திறந்தார்: துகள்கள் மாறினாலும் உயிர்வாழும் அமைப்பு தொடர்வதால் மரம் அதே மரம். மரம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயருக்கு அந்த ஆற்றல் வெளியில் இருக்கிறது. சர்க்யூட் வரைபடத்திலும், அதைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக்கின் கையிலும். ஸ்டீரியோ 70இல் ஈஎல்34 மாற்றியபின் செய்யும் சரிபார்ப்பை எடுத்துக்கொண்டால் போதும். மீட்டரின் ஒரு முனையைச் சட்டத்திலும் மறுமுனையை அதற்கென விட்ட புள்ளியிலும் வைத்து, 1.56 வோல்ட் வரும்வரை திருகியைத் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் 15.6 ஓம் ரெசிஸ்டர் உள்ளது. ஒரு சேனலின் இரண்டு வால்வும் ஆளுக்கு 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் இந்த எண் வரும். வடிவமைத்தவர், வால்வு தீரும், வேறு ஒருவர் வந்து மாற்றுவார் என்பதை முன்பே எண்ணி அதற்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்.

மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்னது இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல. அவற்றுக்கு வெளியிலும் தேர் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து எழும் வழக்கே ‘தேர்’. அதோடு அவர் நிற்கவில்லை. இரவு முழுதும் எரியும் விளக்கில் முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா என்றும் கேட்டார். ஒன்றும் அல்ல, முற்றும் வேறும் அல்ல. ஒன்றைப் பற்றி ஒன்று எழும் தொடர்ச்சி, அதாவது சந்தானம். ஸ்டீரியோ 70 இன்றும் அதே கருவி என்றால் இந்தப் பொருளில்தான். ஒரு வால்வு, ஒரு கண்டென்சர், ஒரு போர்டு என்று ஒவ்வொன்றாக மாறும்போதெல்லாம் எஞ்சியவை அப்படியே நின்று புதியதை ஏற்றுக்கொண்டன.

பழையது, புதியது என்ற வழக்கை இந்தக் கண்ணால் பார்த்தால் அதன் முகம் மாறுகிறது. ஒலியை அளந்தால் பழையதற்கு வாய்ப்பே இல்லை. ஸ்டீரியோ 70 முழுத்திறனில் ஒரு சதவீதத்துக்கு உட்பட்ட திரிபைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. இன்றைய நல்ல கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் தொகுதி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடுகிறது, மின்சாரத்தையும் அவ்வளவாகச் சூடாக வீணாக்குவதில்லை. காதால் கேட்டும் பெரிய வேறுபாடு இல்லை. குவாட் நிறுவனத்தின் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் பிந்தைய டிரான்சிஸ்டர் மாதிரிகளையும் எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைத்த சோதனை 1978இல் வெளிவந்தது. கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. முன்னோர் எல்லாரும் நேர்மையாளர் என்பதும் கதைதான். வாட் கணக்கில் நடந்த மிகைக்கூற்று எல்லை மீறியதால், அமெரிக்க அரசு 1974இல் அதற்கென்றே விதி கொண்டுவர வேண்டியிருந்தது. அக்காலத்துச் சப்பைப் பொருள்களெல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. நின்றவற்றை மட்டும் பார்த்து ஒரு காலத்தையே எடைபோடுகிறார்கள்.

வேறுபாடு உள்ளது ஓரிடத்தில். புதிய கருவியில் மணல் பருமனுள்ள உறுப்புகளை இயந்திரம் ஒரே அட்டையில் பதிக்கிறது. கையால் வைத்த சால்டரைவிட அது சீரானது. ஆனால் அந்தக் கருவிக்கென்றே செய்த சில்லு ஒன்று போனால் மாற்றுவது உறுப்பை அல்ல, முழு அட்டையை. அட்டை கிடைக்காதபோது முழுக் கருவியை. கணந்தோறும் சிறப்பாக எரிகிற சுடர் அது; அடுத்த சுடருக்குப் பற்றவைக்க வழி இல்லை. ‘கட்டுமானத் தரம்’ என்று கனத்தையும் தடித்த தகட்டையும் தட்டிப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் உறுப்பை மாற்ற உள்ள இந்த வழிக்கு இட்ட தவறான பெயரே. ஸ்டீரியோ 70 உயர்ந்த உலோகத்தால் ஆனதும் அல்ல. அது சிக்கன விலைக் கருவி. முதலில் பூட்டியவர் வீட்டுக்காரர் என்பதால், யாரும் மறுபடி பூட்டக்கூடியதாக அது இருந்தாக வேண்டியிருந்தது.

இணையம்வழிப் பாட்டை இழுத்துத் தரும் இன்றைய கருவிகள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. நிறுவனம் தன் சர்வரை நிறுத்திவிட்டால், உறுப்பு ஒன்றுகூடக் கெடாமல் கருவி வாயடைத்துப்போகும். நியாயக் கொள்கைப்படி அவயவி அழிய உறுப்பு அழிய வேண்டும், அல்லது உறுப்புகளின் சேர்க்கை குலைய வேண்டும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. ஆகவே கருவி இன்னும் உள்பொருளே என்று நையாயிகர் சொல்லியாக வேண்டும். தருமகீர்த்தி வழிவந்த பௌத்தருக்கோ, பயன் விளைக்கும் ஆற்றல் எதற்கு உண்டோ அதுவே உள்பொருள். அவர் கணக்கில் மேசைமேல் எஞ்சியிருப்பதைப் பாட்டுக்கருவி என்று சொல்ல முடியாது. உலோகமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு பாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.