கட்டணமும் மனச்சாட்சியும்

ஜொகூரில், குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் உழைக்கும் தகப்பன் ஒருவரை மனத்தில் நிறுத்திக் கொள்வோம். 2025 பிப்ரவரியில் சர்க்கார் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அவர் மகளுக்குச் சர்க்கார் பல்கலைக்கழகத்தில் இடம் கிட்டவில்லை. மதச் சங்கமொன்று நடத்தும் சிறிய தனியார் பல்கலைக்கழகம், "கட்டணத்திற் பாதியை யாம் ஏற்கிறோம்" என்று எழுதுகிறது. மீதிக்கு பி.டி.பி.டி.என். கடன் கேட்கலாம். அதற்கு நூற்றுக்கு 1 வீதம் சேவைக் கட்டணம். அங்கீகாரம் பெற்ற படிப்பாயின் மட்டுமே அக்கடனும் கிட்டும். இந்தக் கணக்கையெல்லாம் அண்டை வீட்டார் போட்டுக் கொடுப்பர். சங்கம் ஏற்றுக்கொண்ட அந்தப் பாதியின் கணக்கை யார் போடுவது?

இக்கேள்வி தமிழர்க்குப் புதிதன்று. 1823-ல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தரக் கலாசாலை நிறுவினர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல், அவற்றோடு வேதாகமம். உண்டியும் உறையுளும் இலவசம். அமெரிக்காவில் பொருளுதவியவர், தாம் ஆதரித்த பிள்ளைக்குத் தம் விருப்பப்படி பெயரிடலாம். அங்ஙனம் கண்ணாற் காணாத ஒருவரின் பெயரைச் சுமந்து திரிந்த யாழ்ப்பாணத்துச் சிறுவர் பலர். பணம் வாங்காத பள்ளி பெயரை வாங்கிக் கொண்டது!

ஆயினும் கொடுத்தவர்க்குத் திருப்தி உண்டாயிற்றா? இல்லை. மாணவர் ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் நாடினரேயன்றி உபதேசியாராக முன்வரவில்லை என்று கண்டு, 1855-ல் மிஷன் மேலிடத்தார் அதனை மூடினர். அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த அவர் பின்னர்ச் சைவரானார். 1881-ல் வீரசோழியத்தையும், 1887-ல் கலித்தொகையையும் அச்சேற்றினார். மிஷனின் கணக்கில் அவர் நஷ்டம். தமிழின் கணக்கில்? ஏட்டிலிருந்து மீண்ட அந்நூல்களைக் கற்போர் விடை கூறுவர்.

மதத்தார் கல்விச்சாலை வைப்பதை யாம் குறை கூறோம். பிறர் கைவிட்ட ஏழைகளை அவர்கள் பலமுறை ஏற்றதுண்டு. எமது அச்சம் வேறு. உதவி நின்றுவிடுமென்று அஞ்சி, நம்பாத பிரார்த்தனையில் நான்காண்டு தலைகுனிந்து நிற்கும் பெண், கட்டணத்தை நடிப்பாற் செலுத்துகிறாள். மெய்யாகவே நம்புகிறவளுக்கோ இன்னும் பெரிய நஷ்டம்: தான் தொழுவது இறைவனையா, கட்டணச் சலுகையையா என்று அவளுக்கே ஐயம் பிறக்கும். கடன் பத்திரத்திலாவது தொகையும் தவணையும் தெரியும்; ஒருநாள் அடைத்துத் தீர்க்கலாம். எதிர்பார்ப்பை எழுதாது வைத்த தருமத்துக்கு அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு?

நன்றி வேண்டாமோ என்பர் சிலர். வேண்டும். ஆனால் நன்றி வேறு, விசுவாசம் வேறு. சோறிட்டவரைக் கும்பிடலாம், அதற்காக அவர் கும்பிடுவதையே நாமும் கும்பிட வேண்டுமென்பது எந்த நியாயம்?

ஆகவே தோட்டத்துத் தகப்பன்மார் கூச்சப்பட வேண்டா. கையெழுத்திடுமுன் அலுவலகத்தில் எதிரே அமர்ந்து, "இரண்டாம் ஆண்டில் என் மகள் வேறு எண்ணங் கொண்டால், அந்தப் பாதி நிற்குமா, தொடருமா?" என்று கேளுங்கள். வாய்ச்சொல் போதாது, விடையை எழுத்தில் வாங்கி, மகளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.