உப்பு எங்கே போகும்?

சிவில் படிக்கிற பெண் என்றால் ஆம்பூரில் எல்லோரும் கேட்பது, "வீட்டுக்கு பிளான் போட்டுத் தருவியா?" என்றுதான். மாமா மட்டும் வேறு மாதிரி கேட்டார். தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோல் பக்கமே காலத்தை ஓட்டியவர். "ஏம்மா, உன் படிப்பு ஷாப்ப மூடுறதுக்கா, நடத்துறதுக்கா?"

ஷாப்புக் கூலியில் வளர்ந்த வீட்டில் இதற்குச் சட்டென்று பதில் வராது.

நாட்டின் சட்டக் கல்லூரிகளில் வேலூரைத் தெரியாதவர் இல்லை. கோட்டையாலோ சிஎம்சி மருத்துவமனையாலோ அல்ல, தோல் ஷாப்புகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கால். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இந்த வட்டாரத்தின் பாலாறு கெட்டதைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

ஷாப்புகளின் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அங்கே நடப்பதைத்தான் நாங்கள் படிக்கிறோம். அழுகும் கழிவை நுண்ணுயிர் தின்றுவிடும். குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படியவைத்து எடுத்துவிடலாம். உப்பைத் தின்ன மட்டும் எந்த உயிரும் இல்லை. தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 40 சதவீதம் வரைகூட உப்புப் போடுகிறார்கள். ஷாப்பில் முதல் ஊறலிலேயே அது தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் ஆர்ஓ வைத்து நல்ல தண்ணீரைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். திரவக் கழிவு பூஜ்யம் என்று பலகை வைக்கலாம், பொய்யில்லை. ஆனால் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

உள்ளே போன எடை எங்காவது இருந்தாக வேண்டும் என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. கசடும் அப்படித்தான். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 2015 ஜனவரியில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். பக்கத்து ஷாப்பில் இரவு தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அவர்களில் பெரும்பாலோர். தேங்கிய கசடு சுவரை எவ்வளவு தள்ளும் என்பது வகுப்பில் நாங்கள் போடும் கணக்குதான். கழிவை மேலும் மேலும் தேக்கிவைக்கக் கற்றுக்கொள்வதே இந்தப் படிப்பென்றால், மாமா கேட்டதற்கு நான் எந்தப் பக்கமும் பதில் சொல்ல முடியாது.

அதனால் அவரிடமே போனேன். ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பை உதிர்த்துவிட்டால் தண்ணீருக்குள் போவது அந்த அளவுக்குக் குறையும், இது பழைய யோசனைதான், ஏன் ஒழுங்காக நடப்பதில்லை என்று கேட்டேன்.

"உதறலாம்மா. ஒவ்வொண்ணையும் நாலு தடவ உதறிட்டு நின்னா நேரம் என்னாவறது? எங்களுக்கு பீஸுக்குத்தானே கூலி."

ஆர்ஓவுக்கும் ஆவியாக்கிக்கும் கோடிகளில் செலவாகிறது. உதறும் கைக்குத் தோலுக்கு இத்தனை என்று கூடுதலாகக் கொடுத்தால் எவ்வளவு மிச்சமாகும்? என் புராஜெக்டில் இப்போது அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். கூலி விவரத்தை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று கைடிடம் இன்னும் கேட்கவில்லை.