மண்ணும் நீதியும்

ஒடுக்கப்பட்டவன் எழுதும் வரலாறு நீதியின் பக்கமே நிற்கும் என்பது நம்மிடையே ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. பெருவின் இரு வரலாற்றாசிரியர்களை வாசிக்கையில் அம்முடிபு எனக்கு ஆட்டங்காண்கிறது.

குவாமன் போமா அம்மண்ணின் பூர்வகுடி. 1615 அளவில் 398 சித்திரங்களோடு ஏறக்குறைய 1,200 பக்கங்கள் எழுதி, ஸ்பானிய மன்னர் மூன்றாம் பிலிப்புக்கு முகவரியிட்டார். அப்பிரதி 1908இல்தான் கோப்பன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அவரது வாதம் கூர்மையானது: எம்மவர் ஸ்பானியரைச் சமாதானமாகவே ஏற்றனர், போரில்லாத இடத்தில் வென்றவன் என்று எவனுமில்லை, எனவே எமது நிலத்துக்கும் உழைப்புக்கும் அவர்கள் உரிமை கோரமுடியாது. கஸ்தீல் ஸ்பானியருக்கு, இந்தியாஸ் பூர்வகுடிகளுக்கு, கினியா கறுப்பருக்கு.

ஆக்கிரமிப்புக்கு எதிராக இதைவிட நேரான வாதம் வேறென்ன? ஆயினும், இரு மண்ணுக்கும் உரியவன் எங்கே போவான்? கலப்பினத்தவரான மெஸ்தீசோக்களைக் குவாமன் போமா வெறுத்தார். பூர்வகுடிகளின் ஊர்களில் அவர்கள் வாழலாகாது என்றார். அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1609 முதல் 1614 வரை, அதே பிலிப் மன்னர் மொரிஸ்கோக்களை ஸ்பெயினிலிருந்து வெளியேற்றினார். அவர்கள், கட்டாய ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களின் சந்ததியினர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அவர்களுடையதல்ல என்றே அங்கும் சொல்லப்பட்டது.

மற்றவர் இன்கா கார்சிலாசோ. 1539இல் குஸ்கோவில் ஸ்பானியத் தந்தைக்கும் இன்கா அரச குலத் தாய்க்கும் பிறந்தவர். தாயின் மக்களது நல்லாட்சியை எடுத்துரைக்கும் அவரது நூல் 1609இல் லிஸ்பனில் வெளிவந்தது. 1780இல் இரண்டாம் தூபாக் அமாரு கிளர்ந்தெழுந்த பின்னர் ஸ்பானிய அரசு அதைத் தடைசெய்தது. அரசே அஞ்சிய நூல் அது. ஆனால், அதனை எழுதியவர் மொரிஸ்கோக்களின் அல்புஹாராஸ் கிளர்ச்சியை அடக்கிய படையில் 1570இல் கப்டனாகப் பணியாற்றியவர்.

இருவரையும் நிராகரிக்கவேண்டும் என்பதல்ல என் கருத்து. அவர்கள் எழுதாதிருந்தால் வென்றவனின் கூற்று மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும். எனினும், தன் சமூகத்தின் காயம் ஒருவனுக்குப் பேசும் உரிமையைத் தருகிறதேயன்றி, நீதிமான் என்ற பட்டத்தைத் தருவதில்லை. தன் மண்ணுக்காக நான் முன்வைக்கும் நியாயம், என் அயலில் வாழும் சிறுபான்மையை எங்கே நிறுத்துகிறது? அதற்கு விடை சொல்லாத எந்த விடுதலை எழுத்தும், அது நம்முடையதேயாயினும், பாதி நீதியே பேசுகிறது.