கேட்டால்தான் ஓய்வா?

"வலி எடுக்கும் நாள்வரை வேலைக்கு வந்தாள், என்ன துணிவு!" என்று ஒரு பெண்ணைப் போற்றும் பேச்சு, பள்ளியிலும் பணிமனையிலும் அலுவலகத்திலும் கேட்கிறது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் தோழர்களே, போற்றப்படுவதெல்லாம் நீதியாகிவிடுமா? கணவனோடு தீயில் வீழ்ந்தவளையும் இந்த நாடு போற்றித்தான் வைத்தது! ஒரு செயலைப் புகழ்வதற்கு முன்னால், அது விருப்பத்தால் விளைந்ததா, வேறு வழியின்மையால் விளைந்ததா என்று கேட்பது பகுத்தறிவின் முதல் வேலை. ஒன்பதாம் திங்களில், வீங்கிய காலோடு பேருந்துப் படியேறி வேலைக்குச் செல்லும் பெண்ணைப் பற்றியும் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

பழமை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. கருவுற்றவள் வாசற்படி தாண்டலாகாது, கிரகண வேளையில் காய் நறுக்கலாகாது, அந்தி சாய்ந்தால் வெளியே நிற்கலாகாது என்று ஆயிரம் 'ஆகாது'களை அடுக்கும் பழமை, அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதையே ஓய்வு என்று சொல்லும். அந்தப் பரிவாவது எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? நாற்று நடும் பெண்ணிடம் 'வயலில் இறங்காதே' என்று எந்த மிராசுதாரர் சொன்னார்? கல் சுமக்கும் பெண்ணின் தலையிலிருந்து கூடையை எந்தச் சாத்திரம் இறக்கி வைத்தது? ஏழாம் திங்களில் வளைகாப்பு நடக்கும். வளையல் அடுக்கிய அதே கையில் மறுநாள் களைக்கொட்டு இருக்கும். பழமையின் பரிவு, பசியில்லாத வீடுகளுக்கு மட்டுமே சென்ற பரிவு.

மருத்துவ அறிவு வேறு விடை தருகிறது. கருவுறுதல் நோயன்று. உடல்நலமுள்ள பெண், கடுமையற்ற வேலையில், இறுதிவரை பணியாற்றுவதால் பெரும்பாலும் கேடில்லை. ஆனால் நாள் முழுதும் நின்றுகொண்டே செய்யும் வேலை, பளு தூக்கும் வேலை, இரவுமுறை வேலை ஆகியவை கருவுக்கும் தாய்க்கும் ஏற்றவையல்ல. குறைப்பேற்றின் வாய்ப்பை அவை கூட்டக்கூடும் என்பதால் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். எனவே, 'வேலை செய்யலாமா, கூடாதா?' என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. உடலையும் வேலையையும் பொறுத்தது அது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதை முடிவு செய்பவர் யார்? அந்த முடிவுக்கு விலை கொடுப்பவர் யார்?

அவளே முடிவு செய்கிறாள் என்று சட்டத்தைக் காட்டுவார்கள். அந்தக் கணக்கைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், ஊதியத்துடன் 12 வார விடுப்பு தந்தது. அதில் பேற்றுக்கு முன் எடுக்கக்கூடியது ஆறு வாரத்துக்கு மேற்படாது என்றது. 2017-இல் வந்த திருத்தம் அதை 26 வாரமாக உயர்த்தியது. முன்னால் எடுக்கக்கூடியது எட்டு வாரம்வரை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே கணக்கைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உயர்வு பெரிது, வரவேற்போம். ஆனால் பானை ஒன்றுதான்! முன்னால் மொண்ட நீர் பின்னால் இராது. எட்டு வாரம் ஓய்ந்திருந்தால், குழந்தை பிறந்தபின் மிஞ்சுவது 18 வாரம். நான்கு திங்களுக்குச் சற்று மேல். குழந்தைக்கு ஆறு திங்கள்வரை தாய்ப்பாலே போதும், வேறெதுவும் வேண்டாம் என்று அரசாங்கமே சுவரெங்கும் எழுதி வைக்கிறது. ஆறு திங்கள் என்பது 26 வாரம். அப்படியானால், பேற்றுக்கு முன் அவள் கால் நீட்டிப் படுக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் பாலிலிருந்து எடுத்த நாளாகிறது.

இந்தக் கணக்கை எந்தத் தாயிடம் கொடுத்தாலும், தன் உடலைத்தான் அவள் கழிப்பாள். குழந்தைக்கென்று நாள்களைச் சேர்த்து வைக்க, வலி எடுக்கும்வரை உழைப்பாள். பசித்தவன் முன் ஒரே ஒரு கவளத்தை வைத்து, 'நீ உண்கிறாயா, உன் பிள்ளைக்குத் தருகிறாயா? உன் விருப்பம்!' என்று சொல்வதற்குப் பெயர் உரிமையா?

அதே சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. பேற்றுக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னுள்ள ஒரு திங்களிலும், அந்த ஆறு வாரத்தில் அவள் விடுப்பு எடுக்காமல் பணிக்கு வரும் நாள்களிலும், கடும் வேலையையோ நெடுநேரம் நிற்கும் வேலையையோ அவளுக்குத் தரலாகாது என்கிறது அது. நல்ல விதி. ஆனால், 'அவள் கேட்டுக்கொண்டால்' என்றொரு சொல்லை அதில் சேர்த்து வைத்தார்கள். யார் கேட்பாள்? ஒப்பந்தக்காரனின் பட்டியலில் நாளைக்குத் தன் பெயர் இருக்குமோ இராதோ என்று அஞ்சுபவள் கேட்பாளா? ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்பவள் கேட்பாளா? அந்தக் கடைகளில் உட்கார ஓர் இருக்கை போட வைப்பதற்கே, கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் தனிச் சட்டம் தேவைப்பட்டதே! அஞ்சி நிற்பவளின் வாயைப் பூட்டாகவும் கேள்வியைச் சாவியாகவும் வைத்துவிட்டு, 'கதவு திறந்துதான் இருக்கிறது' என்பது நியாயமாகாது.

கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் வழக்குமன்றங்கள் பதிவு செய்து வைத்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளி ஒருவர் 12 வார உதவி கோரினார். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி இல்லை, ஆகவே வாரத்துக்கு ஆறு நாள்தான் என்று கணக்கிட்டு 72 நாளுக்கே கொடுத்தது நிருவாகம். வாரம் என்றால் ஆறு நாளா, ஏழு நாளா? இந்த 'அரிய' ஐயம், கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்சநீதிமன்றம்வரை சென்றது. ஏழு நாள்தான், 84 நாளுக்கும் கொடு என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. தில்லி மாநகராட்சியில் நாட்கூலிக்குச் சாலைப் பணி செய்த பெண்களுக்கோ மகப்பேற்று விடுப்பே மறுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அவர்களிடம் வேலை வாங்கிய நிருவாகம், அவர்கள் நிரந்தரப் பணியாளர் அல்லர் என்று வாதாடியது. 2000-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, நாட்கூலிப் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டென்றும், கருவுற்ற நிலையில் அவளைக் கடும் உழைப்புக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் அறிவித்தது.

'அப்படியானால் எட்டாம் திங்களிலேயே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாமே' என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் அடிமைத்தளையே. அமெரிக்காவில், கருவுற்ற ஆசிரியைகள் பேற்றுக்குப் பல திங்கள் முன்பே ஊதியமின்றி விலக வேண்டும் என்று பள்ளி நிருவாகங்கள் விதி வைத்திருந்தன. 1974-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. முதல் முறை கருவுற்றதுமே விமானப் பணிப்பெண்ணின் வேலை போய்விடும் என்றிருந்த ஏர் இந்தியாவின் விதியை, 1981-இல் நம் உச்சநீதிமன்றம் அடித்து வீழ்த்தியது. 'ஓய்வெடு' என்ற சொல்லுக்குள் 'ஒழிந்து போ' என்ற பொருளை ஒளித்து வைக்க முதலாளிக்குத் தெரியும்.

கட்டாய ஓய்வும் வேண்டாம், கட்டாய உழைப்பும் வேண்டாம் என்றால் வழி யாது? செருமனி நாட்டின் முறையைப் பாருங்கள். 1952-இல் அங்கே இயற்றப்பட்ட தாய்மைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பேற்றுக்கு முந்தைய ஆறு வாரம் ஓய்வு. வேலை செய்ய விரும்புகிறவள், விரும்புவதாகத் தானே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இங்கே ஓய்வு வேண்டுபவள் வாய் திறக்க வேண்டும். அங்கே வேலை வேண்டுபவள் வாய் திறக்க வேண்டும். முன்னுள்ள ஓய்வை விட்டுக்கொடுத்து வேலைக்கு வந்தாலும், அந்த நாள்கள் பின்னால் சேர்வதில்லை; ஆகவே உடலை வருத்திச் சேமிக்க அங்கே ஒன்றுமில்லை. குழந்தை முந்திப் பிறந்துவிட்டால் மட்டும், கழியாத நாள்கள் பின்னால் சேர்க்கப்படுகின்றன. முதலாளி தரும் பங்கும், எல்லா முதலாளிகளும் செலுத்தும் பொது நிதியிலிருந்து அவருக்கே திரும்பி வருகிறது. ஆண்களை மட்டும் வைத்திருப்பவரும் அந்த நிதிக்குப் பணம் கட்டியாக வேண்டும். பெண்ணை வேலைக்கு வைக்காமல் தப்பித்து ஆதாயம் காண முடியாது.

இது நமக்குப் புதிய கருத்துமன்று. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்றார். அதன் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதாடினார். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பொது நிதியிலிருந்து மகப்பேற்றுக் கால உதவி இன்றும் வழங்கப்படுகிறது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. நடக்கத் தயங்கி நிற்கிறோம்.

இன்று தமிழ்நாட்டில் மூன்று வகைத் தாயர் இருக்கின்றனர். அரசுப் பணியில் உள்ளவளுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு. தனியார் நிறுவனத்தில், சட்டத்தின் கண்ணில் படுகிறவளுக்கு 26 வாரம். வயலிலும் சூளையிலும் பிறர் வீட்டு அடுக்களையிலும் உழைப்பவளுக்கு விடுப்பென்பதே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி உண்டு, அவ்வளவே. கரு ஒன்றுதான், வலி ஒன்றுதான். ஓய்வு மட்டும் மூன்று சாதியாகப் பிரிந்து கிடக்கிறது!

ஆகவே மூன்று கோரிக்கைகளை ஒவ்வொரு சங்கத்திலும் எழுப்புங்கள். பேற்றுக்கு முந்தைய ஓய்வு தனிக் கணக்காக வேண்டும். பிள்ளையின் நாள்களிலிருந்து அதைக் கழிக்கலாகாது. கடும் வேலையிலிருந்து விலக்கு, கேளாமலே கிடைக்க வேண்டும். செலவு பொது நிதியில் சேர்ந்து, கூலிக்காரப் பெண்ணையும் எட்ட வேண்டும். இவை கிட்டிய பின்னும் இறுதி நாள்வரை பணிக்கு வர ஒருத்தி விரும்பினால், அது அவள் உரிமை. அப்போதுதான் அது விருப்பமும் ஆகும்.

இளைஞர்களே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் ஆலையை விட்டு வந்தபின் அடுப்பும் துவைகல்லும் காத்திருக்கின்றன. அங்கே விடுப்புக் கேட்க மேலாளர் இல்லை, வழக்காட மன்றமும் இல்லை; இருப்பவன் நீதான். பெண்ணுரிமைக் கூட்டத்தில் கைதட்டிவிட்டு இரவு வீடு திரும்புகிறவன், நிறைசூலியான மனைவி எழுந்து வந்து பரிமாறட்டும் என்று இலை முன் அமர்ந்தானானால், சட்டத்தைக் குறை கூற அவனுக்கு என்ன தகுதி? அந்த வீட்டில் அவள் கேளாமலே ஓய்வு கிடைக்கட்டும். அதற்கு எந்தச் சட்டமன்றமும் கூட வேண்டியதில்லை.