தூண்டில் பயணமும் உயிரின் விலையும்

நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, ஃபின்மார்க் கடற்கரையை ஒட்டிக் கிடக்கிறது சோரோயா தீவு. பாறையும் புல்லுமான தீவு. கரையோரமாகச் சில மீனவச் சிற்றூர்கள். கோடை பிறந்ததும் ஜெர்மனியிலிருந்தும் பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் இங்கே குழுக்கள் வந்து இறங்குகின்றன. அவற்றில் பல, ஒரே தொழிற்கூடத்திலோ ஒரே அலுவலகத்திலோ வேலை செய்பவர்கள் சேர்ந்து, பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டி ஏற்பாடு செய்து வருபவை. ஒரு வாரத்துக்குக் குடிலும் அலுமினியப் படகும் வாடகைக்கு எடுத்து, காட், ஹாலிபட், ரெட்ஃபிஷ் போன்ற மீன்களைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறார்கள். வந்தவர்கள் யாரும் பசித்து வரவில்லை. மீன் வாங்கக் காசில்லாதவர்களும் இல்லை. பிழைப்புக்கு வேண்டாதபோது, மகிழ்ச்சிக்காக ஓர் உயிரைப் பிடிப்பதும் கொல்வதும் தகுமா என்ற பழைய கேள்வி இங்கே மிகத் தெளிவான வடிவில் எழுகிறது.

இக்கேள்விக்கு முன்னால் வேறொன்றைத் தீர்க்க வேண்டும். மீனுக்கு வலிக்குமா? வலிக்காது என்றால் அறக்கேள்வியில் பாதி கரைந்துபோகும். விலங்குகளை உணர்வற்ற பொறிகளாகக் கண்ட தெக்கார்த்தின் பார்வை 17ஆம் நூற்றாண்டிலிருந்து நீண்ட காலம் மீன்பிடிப்பவர்களின் மனச்சான்றுக்கு உதவியாக இருந்தது. 2003இல் உயிரியலாளர் லின் ஸ்னெட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் ரெயின்போ டிரவுட் மீனின் முகத்தில் வலியூட்டும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் அசெட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைத் தொட்டியின் அடியிலிருந்த கூழாங்கற்களில் தேய்த்தன. உணவை நாட வெகுநேரம் எடுத்துக்கொண்டன. மார்ஃபின் கொடுத்தபோது இந்த நடத்தைகள் குறைந்தன. ஜேம்ஸ் ரோஸ், பிரையன் கீ போன்ற அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. மனித மூளையில் வலியை உணர்வாக அறியும் புறணிப்பகுதி மீனுக்கு இல்லை என்பதால், அதன் நடத்தை வெறும் எதிர்வினையே என்பது அவர்கள் வாதம். விவாதம் முற்றாக முடியவில்லை. ஆனாலும் ஐயத்தின் பலனை யாருக்கு அளிப்பது என்பது அறிவியலைத் தாண்டிய முடிவு. தவறினால் ஒரு பக்கத்தில் இழப்பு ஒரு பொழுதுபோக்கு; மறுபக்கத்தில் எண்ணற்ற உயிர்களின் துன்பம். இந்த நிலையில் மீனுக்கு வலிக்கும் என்று கொண்டு நடப்பதே நேர்மையானது.

சமய மரபுகள் இக்கேள்வியை வேறு வேறு வாசல்களிலிருந்து அணுகியிருக்கின்றன. கிறித்தவத்தில் மீன்பிடித்தலுக்குத் தனி மதிப்பு உண்டு. பேதுருவும் அந்திரேயாவும் யாக்கோபும் யோவானும் கலிலேயாக் கடலின் மீனவர்கள். திருநூலில் புனிதரான வேட்டைக்காரர் எவரும் இல்லை, புனிதரான மீனவர்கள் உண்டு என்ற கருத்து ஜெரோமின் பெயரால் இடைக்காலத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே இடம்பெற்றது. வேட்டை மறுக்கப்பட்ட குருமார் தூண்டில் பிடிக்க இதையே சான்றாகக் கொண்டனர். இந்தச் சான்று அவ்வளவு உறுதியானதல்ல. கலிலேயா மீனவர்கள் வலை வீசியது வயிற்றுக்காகவும் சந்தைக்காகவும். அவர்களின் தொழிலைக் காட்டி ஓய்வுநாள் விளையாட்டை நியாயப்படுத்த முடியாது.

யூத மரபில் இந்த வேறுபாடு கூர்மையாகவே பேசப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் பிராகா நகரின் தலைமை ரப்பியாக இருந்த எசக்கியேல் லண்டாவிடம், காடுகளுக்கு உரிமையாளரான ஒரு செல்வர் தமக்கு வேட்டையாட அனுமதி உண்டா என்று கேட்டார். திருநூலில் வேட்டைக்காரர்களாகக் காணப்படுபவர்கள் நிம்ரோதும் ஏசாவும்தான், ஆபிரகாம் முதலான முன்னோர்களின் வழி அதுவல்ல என்று சுட்டிய லண்டா, பிழைப்புக்காக வேட்டையாடுபவனை ஒரு பக்கம் நிறுத்தி, இன்பத்துக்காகக் கொல்பவனை மறுபக்கம் நிறுத்தினார். இஸ்லாம் கடலின் வேட்டையை வெளிப்படையாக அனுமதிக்கிறது. மீனுக்கு அறுப்புச் சடங்குகூடத் தேவையில்லை. ஆனால் உயிருள்ள எதையும் இலக்காக வைத்து விளையாடுவதை நபிமொழிகள் தடுக்கின்றன. இரண்டு மரபுகளும் உண்பதை ஏற்கின்றன, விளையாடுவதை ஐயுறுகின்றன.

பௌத்தமும் சமணமும் இந்த அளவில் நிற்பதில்லை. தேரவாத உரைகள் கொலையை ஐந்து கூறுகளாகப் பிரிக்கின்றன: உயிர் ஒன்று இருப்பது, அது உயிர் என்று அறிந்திருப்பது, கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் இறப்பு. எண்ணத்துக்கு இவ்வளவு எடை தருவதால், பிடித்த மீனைத் திரும்ப விடும் தூண்டில்காரர் இங்கே கொலையிலிருந்து தப்பலாம். ஆனால் துன்புறுத்தலிலிருந்து தப்ப முடியாது. திருக்குறள் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. அதைவிடவும் கூர்மையானது, தின்பவர் வாங்காவிட்டால் விற்பவர் கொல்லமாட்டார் என்று கொலையின் பொறுப்பை வாங்குபவரிடமும் கொண்டுசெல்லும் அதன் வாதம். கடையில் தோல் நீக்கிய துண்டு மீன் வாங்கித் தின்பவர், தானே பிடித்துத் தின்னும் தூண்டில்காரரை எளிதாகக் குற்றம் சொல்ல முடியாமல் செய்துவிடுகிறது அது. சோரோயாவுக்குப் போகிறவர் குறைந்தபட்சம் தன் கையால் செய்வதைக் கண்ணால் காண்கிறார்.

தூண்டிலுக்காக வாதாடிய நூல்களில் மிகப் புகழ்பெற்றது ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட 'தி கம்ப்ளீட் ஆங்லர்'. உள்நாட்டுப் போரில் சிதைந்த இங்கிலாந்தில், ஆற்றங்கரையில் அமர்ந்து பொறுமையும் அமைதியும் பழகும் மனிதனைத் தியானிக்கும் மனிதனாக வால்டன் வரைந்தார். இன்றைய பயணக் குழுக்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன: இரைச்சலிலிருந்து விடுதலை, கடலின் விரிவு, கவனம். அது பொய்யல்ல. எனினும் அதே நூலில், உயிருள்ள தவளையை முள்ளில் கோத்துத் தைப்பதற்கான செய்முறையும் இருக்கிறது. அதைச் செய்யும்போது தவளையிடம் அன்புள்ளவர் போல நடந்துகொள்ளச் சொல்கிறார் வால்டன். பைரன் தம் 'டான் ஜுவான்' காவியத்தில் வால்டனைக் கடுமையாகச் சாடியது இந்தக் கொடுமைக்காகத்தான். மனம் அமைதியுறுவது அமைதியுறும் மனிதனுக்கு நல்லது. அந்த அமைதிக்கு இன்னோர் உயிர் விலை கொடுக்கும்போது, விலை கொடுப்பவரின் பக்கத்திலிருந்தும் கணக்குப் பார்க்க வேண்டும்.

மீனைப் பிடித்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். ஐரோப்பியச் சட்டங்கள் சில இதற்கு நேர் எதிராகச் சிந்திக்கின்றன. திரும்ப விடும் நோக்கத்துடனேயே தூண்டில் போடுவதைச் சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடைசெய்கின்றன. ஜெர்மானிய விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதுகெலும்புள்ள உயிரைத் தகுந்த காரணமின்றிக் கொல்வது குற்றம். உணவு தகுந்த காரணம்; படத்துக்காகவும் எடைக்காகவும் நடக்கும் போட்டி அப்படியல்ல. உண்பதற்காகக் கொல்வதைவிடக் கொல்லாமல் விளையாடுவது மோசமானது என்ற இந்த முடிவு முதலில் வியப்பூட்டும். மீனின் துன்பத்துக்கு ஒரு காரணமாவது இருக்க வேண்டும் என்று கொண்டால், இது முற்றிலும் பொருத்தமானதே.

வடகடலில் 'விட்டுவிடுதல்' எப்போதும் உயிர்தருவதும் இல்லை. கடலில் 100 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போலப் பதினொரு மடங்கு. அங்கே வாழும் ரெட்ஃபிஷ்ஷின் நீச்சற்பையில் உள்ள வாயு, தூண்டில் நரம்பைச் சுருட்டி மீனை மேலே இழுக்கும் சில நிமிடங்களில் விரிந்துவிடுகிறது. படகோரம் வரும்போது அதன் கண்கள் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளியிருக்கும். தண்ணீரில் போட்டாலும் கீழே இறங்க இயலாமல் மிதக்கும். கடற்காகங்கள் வந்து கொத்தும். மெதுவாக வளர்ந்து, பத்து வயதைத் தாண்டியே இனப்பெருக்கம் செய்யும் இந்த மீன் இனம் நார்வேயின் அழிவாய்ப்புப் பட்டியலில் இருக்கிறது. ஹாலிபட் மீனுக்கு நீச்சற்பையே இல்லை. கவனமாகக் கையாண்டால் ஆழத்துக்குத் திரும்பிப் பிழைக்க முடியும். நார்வேயில் 84 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஹாலிபட்டையும் இரண்டு மீட்டருக்கு மேற்பட்டதையும் திரும்ப விட வேண்டும் என்ற விதி நடைமுறையில் பொருள்படுவது இதனால்தான். ஒரே படகில், ஒரே தூண்டிலில், ஒரு மீனுக்கு இரக்கமாவது இன்னொரு மீனுக்கு வீண் சாவாகிறது. எந்த ஆழத்தில் ஈயக்குண்டை இறக்குவது என்பதே இங்கே அறமுடிவாகிவிடுகிறது. ஒலியலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ சவுண்டர் திரையைப் பார்த்து அந்த முடிவை எடுப்பவர் பெரும்பாலும் இதை நினைப்பதில்லை.

நார்வே நாட்டின் சிந்தனையிலிருந்தே இதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஆழ்சூழலியல் என்ற கருத்தை 1973இல் முன்வைத்த ஆர்னே நேஸ், 1984இல் ஜார்ஜ் செஷன்ஸுடன் எட்டு கோட்பாடுகளை வகுத்தார். மனிதரல்லாத உயிர்களுக்கும் தமக்கேயான மதிப்பு உண்டு. உயிர்வாழ்வுக்குரிய தேவைகளுக்காகவன்றி அவற்றின் வளத்தைக் குறைக்க மனிதருக்கு உரிமை இல்லை என்பது அக்கோட்பாடுகளின் உயிர்நாடி. 2010இல் நடைமுறைக்கு வந்த நார்வே விலங்கு நலச் சட்டமும், மனிதனுக்குப் பயன்படுவதைச் சாராத உள்மதிப்பு விலங்குகளுக்கு உண்டு என்கிறது. மீனும் அதில் அடங்கும்.

இந்தக் கடற்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்குத் தேவை எது என்பதில் குழப்பம் இருந்ததில்லை. வடநார்வேயின் குருவும் கவிஞருமான பெட்டர் டாஸ் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய 'நோர்லாண்ட்ஸ் டிரொம்பெட்', அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1739இல் அச்சேறியது. வெயிலிலும் காற்றிலும் உலர்த்திய காட் மீனே ரொட்டியும் வாடகையும் வரியுமாக இருந்த மக்களின் நூல் அது. அவர்கள் திறந்த படகில், குளிர்காலக் கடலில், மீனுக்கு எதிரே தம் உயிரையும் வைத்தே தொழில் செய்தார்கள். கடற்கரைச் சாமி மக்கள் மீன் கொழுப்பைச் 'சியெய்தி' எனப்படும் புனிதக் கல்லில் பூசிப் படையலிட்டார்கள். எடுப்பது இனாமாகக் கிடைப்பதல்ல, ஏதோ ஒன்றைத் திரும்பத் தர வேண்டும் என்ற உணர்வு அதில் இருக்கிறது. இன்றைய விருந்தினருக்குப் பணம் கட்டினால் கணக்கு முடிந்ததாகத் தோன்றுகிறது. அந்தக் கட்டணம் குடில் உரிமையாளருக்குப் போகிறது, கடலுக்கு அல்ல.

சேர்ந்து போவதற்கென்று ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்கக்கூடாது. நண்பர்கள் தாம் எதை மிகவும் விரும்புகிறார்களோ அதைச் சேர்ந்து செய்வார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியபோது, வேட்டையையும் உடற்பயிற்சியையும் தத்துவத்தையும் ஒரே வரிசையில் வைத்தார். மேலாளரும் இயந்திரம் ஓட்டுபவரும் ஒரு சிறு படகில் ஒரே மழையில் நனையும்போது, வேலையிடத்தில் இல்லாத சமநிலை உருவாகிறது. ஆனால் கூட்டத்தில் பொறுப்பும் கரைகிறது. தனியாகப் போனவர் இரண்டு மீனோடு நிறுத்திக்கொள்வார். நால்வர் போட்டியிட்டால் எவரும் முதலில் நிறுத்துவதில்லை. சோரோயாவில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை சூரியன் மறைவதும் இல்லை. இருட்டு வந்து தூண்டிலைச் சுருட்டச் சொல்லும் இயற்கையின் ஒழுங்கே அங்கே இல்லாததால், போதும் என்ற சொல் மனிதரிடமிருந்தே வர வேண்டும். கரையில் மீன் வெட்டும் மேடையில் நள்ளிரவிலும் வெயில் அடிக்கிறது. களைத்த கைகள் வெட்டுகின்றன. தெர்மோகோல் பெட்டிகள் நிறைகின்றன. முதல் நாள் ஆவலோடு சமைத்த மீன் மூன்றாம் நாள் யாருக்கும் வேண்டியிருப்பதில்லை.

சட்டம் இந்த இடத்தில் ஓரளவே துணை நிற்கிறது. நார்வேக் கடலில் கைத்தூண்டிலுக்கு உரிமம் தேவையில்லை. வெளிநாட்டவர் கொண்டுபோகும் மீனுக்கே எடை வரம்பு உண்டு. 2021 முதல், பதிவுபெற்ற தங்குமிடங்களின் விருந்தினர்களுக்கு மட்டும் 18 கிலோ அனுமதிக்கப்பட்டது. பெட்டிக்குள் போகாத மீனை, அதாவது இறந்து மிதப்பதையும் தின்னாமல் எறிவதையும், இந்த வரம்பு எட்டிப் பிடிப்பதில்லை.

ஆகவே பயணம் முழுவதையும் ஒரே சொல்லில் சரி என்றோ தவறு என்றோ தள்ளுவது முறையல்ல. கொல்லாமையை முழுமையாக ஏற்ற மரபுகளுக்கு இதில் இடமே இல்லை. அந்த நிலை உயர்ந்தது, தன்னளவில் முழுமையானதும்கூட. மீன் உண்பதை ஏற்பவர்களுக்கு, அன்றைக்கு உண்ணும் அளவுக்குப் பிடிப்பது, படகில் ஏறியதும் தலையில் ஓர் அடியால் உணர்விழக்கச் செய்து உடனே செவுளை அறுப்பது, திரும்ப விட முடியாத இனம் கிடக்கும் ஆழத்தைத் தவிர்ப்பது ஆகியவை ஏற்கத்தக்க எல்லைக்குள் வரும். எடைப் போட்டிக்காகப் பிடிப்பதும், படத்துக்காக மூச்சுத்திணறும் மீனைக் கையில் தூக்கி நிற்பதும் எந்த மரபின் அளவுகோலாலும் நியாயப்படாதவை. எத்தனை மீனோடு நிறுத்துவது என்பதைக் குழு கிளம்பும் முன்பே எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும். கடலுக்குள் போன பிறகு அதை முடிவுசெய்யும் நிதானம் யாரிடமும் இருப்பதில்லை.